நாறும்பூநாதன் கட்டிய முதல் வீடு

"வரட்டும் மாமா. இந்த வீட்டைக் கட்டினவரு உள்ள கால் வச்சதும் முதல்ல இந்த வாளியைத்தான் காட்டப் போறேன்," என்றாள் ஹஃப்சா.

ஹாலின் நடுவில் ஒரு வாளி. படிக்கட்டின் கீழே ஓர் அண்டா. இரண்டிலும் ராத்திரி ஒழுகிய தண்ணீர். குற்றாலத்தில் சாரல் கட்டினால் தென்காசியில் எல்லா வீட்டுக்கும் வெளியேதான் மழை. இந்த வீட்டுக்கு உள்ளேயும்.

மாமனார் முகம்மது மீரான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். திரும்பி வந்து தரையைத் துடைத்தார்.

"நீ நல்லா இருப்பம்மா, இன்னைக்கு ஒரு நாள் வாயைத் திறக்காத. வயசான மனுசன். இன்னொரு தடவை வருவாரோ மாட்டாரோ. சந்தோசமாப் பாத்துட்டுப் போவட்டும்."

"கல்யாணமாகி வந்ததுல இருந்து சொல்லுதேன், மாடியில தகரம் போடுங்கன்னு. தெருவுல எல்லாரும் போட்டாச்சு. நீங்க மட்டும் வீட்டு அழகு கெட்டுரும்னு சொல்லுதிய. உங்க மவன் சவூதியில, தம்மாம்ல இருக்காவ. வாளி மாத்துதது நான்!"

"அவரு கட்டின முதல் வீடும்மா இது. இதுல கையை வச்சா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? எங்க வாப்பாவே கடைசி வரைக்கும் ஒழுகுதுன்னு அவருகிட்ட மூச்சு விடல."

"ஏன் விடல?"

"எங்க உம்மா தெருவைப் பாத்ததே இந்த வீட்டுல வச்சுத்தான்."

ஹஃப்சாவுக்கும் தெரிந்த கதைதான். ஊரில் எல்லா அடுப்படியும் பின்கட்டில் இருந்த காலம். கட்டடக்கலைப் படிப்பு முடித்து வந்த நாறும்பூநாதன் அடுப்படியைக் கொண்டுவந்து தெருப்பக்கம் வைத்தார். செங்கலை இடைவெளி விட்டு அடுக்கி ஒரு சுவர். உள்ளே நிற்பவருக்குத் தெரு தெரியும். தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. ஊரே சிரித்தது.

பிறகு அவர் எந்தெந்த ஊரிலோ பெரிய பெரிய கட்டடங்கள் கட்டினார். இப்போது மாணவர்கள் கேமராவோடு வந்து அந்தச் சுவரைப் படம் எடுக்கிறார்கள். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." ஹஃப்சாவிடம் அவர்கள் பேசுவது அவ்வளவுதான்.

வாசலில் கார் வந்து நின்றது. பெரியவர் கம்பை ஊன்றி இறங்கினார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க!"

அவர் ஹாலில் நிற்கவில்லை. நேரே அடுப்படிக்கு வந்தார்.

"இங்கன நின்னு சமைக்கது நீதானாம்மா?"

"ஆமா."

"கை எட்டுதா? புகை முகத்துல அடிக்கா? என்னத்தைத் தப்பா வச்சிருக்கேன், சொல்லு."

இதுவரை வந்தவர் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"மேடை கொஞ்சம் உசரம்," என்றாள்.

"என் தப்புதான். மீரான் உம்மா நல்ல உசரம். அவங்களுக்குன்னு வச்சது. தெரு தெரியுதா?"

"மீன்காரர் முக்கு திரும்புததே தெரியும். மாமா யாருகூட நின்னு கதையளக்காவன்னும் தெரியும்."

"அடிப்பாவி, அதையுமா பாக்க?" என்றார் மீரான். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஹாலில் வந்து உட்கார்ந்தார். விசிறி சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்துச் சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட எவனும் என்னைக் கூப்பிடல, மீரான். உங்க வாப்பாதான், 'உன் இஷ்டப்படி கட்டுப்பா'ன்னாரு. அந்த ஒரு வார்த்தை இல்லேன்னா நான் இல்ல."



வெளியே சாரல் மறுபடியும் பிடித்தது. மீரான் மேலே பார்த்தார்.

ஒரு சொட்டு. பெரியவரின் தோளில் விழுந்தது. அடுத்தது அவர் புறங்கையில்.

"இது என்ன?" பெரியவர் மெல்ல முகத்தைத் தூக்கினார்.

தேநீரோடு வந்த ஹஃப்சா நின்றாள். மீரான் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"ஐயோ, மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன்!" என்று கத்தினாள் ஹஃப்சா. "டேங்க் நெறஞ்சு மாடியெல்லாம் தண்ணி! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். இந்தா வாரேன் சார்!"

தேநீரை அவர் முன் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மோட்டாரா? எங்க வீட்டுலயும் இதே கததான்," என்று தலையாட்டினார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு தேநீரைக் குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று மாடியையே வெகுநேரம் பார்த்தார்.

"மீரான், ஒரு குறை வச்சிட்டேம்பா. மேல பாக்க மொட்டையா இருக்கு. சரிவா ஒரு தகரக் கூரை ஏத்திரு. எடுப்பா இருக்கும்."

"அழகு கெட்டுராதா அண்ணாச்சி?"

"கட்டினவன் நான் சொல்லுதேன். இந்தச் சாரலுக்குள்ளயே போடு."

ஹஃப்சாவின் தலையில் கைவைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் மீரான் நெஞ்சில் கைவைத்தார். "ரப்பே! ஒழுகுததை அவரு கண்டுபிடிக்கவே இல்ல. உன் மோட்டார் என் மானத்தைக் காப்பாத்திட்டும்மா."

இருவரும் உள்ளே வந்தார்கள். பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலே மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்பாடா! காலையில போன கரண்டு இப்பத்தான் வருது!"

ஹஃப்சா விசிறியைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"கரண்டு போனதா? இந்த வீட்டுக் காத்துலயும் வெளிச்சத்துலயும் எனக்குத் தெரியவே இல்லியே மாமா. அப்ப, இல்லாத கரண்டுல மோட்டார் ஓடுச்சுன்னு சொன்னதுக்கா அந்த மனுசர் தலையாட்டிட்டுப் போறாரு?"