பூட்டுக்கும் பொட்டு

“ஆயுத பூஜை நம்ம அமெரிக்கா கிளையன்ட் காலண்டர்ல கிடையாது. நாளைக்கு நானே வரேன், உங்களுக்கென்ன?” என்றார் மேனேஜர் பட்டாபிராமன், லீவு கேட்டவர்களிடம்.

“வீட்டுக்காரர் புது ஆட்டோ வாங்கியிருக்கார் சார். முதல் பூஜை...” என்றாள் சுபத்ரா.

“ஆட்டோ ஓட்டறது நீயா?”

மறுநாள் காலை, மேடவாக்கம் ஆபீஸ் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கதவில் தொங்கிய பூட்டுக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். கீழே பொரி.

“என் ஆயுதம் பூட்டும் சாவியும்தான். படைச்சாச்சு. இன்னிக்குத் தொடக்கூடாது. அல்லாரும் வூட்டுக்குப் போங்க!” என்றார் வாட்ச்மேன் சிட்டிபாபு.

சுபத்ரா துள்ளிக் குதித்தாள். உடனே பயம் வந்தது.

“மேனேஜர் வந்தா கத்துவாரே அண்ணா!”

“அவரு காலையிலயே வந்துட்டாரும்மா. உள்ளதான் கத்திகினு கீறாரு. ஜன்னல் வழியா பொரி குடுத்திருக்கேன்.”