ஆளுயரக் கண்ணாடி

மைதானத்தில் அணி பிரிந்து சுட்டு விளையாடுகிறவர்களுக்கு, பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளை விற்கும் கடை அது. ஒரு சுவரில் ஆளுயரக் கண்ணாடி. எதிர்ச்சுவரில், வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்க்க வட்டம் போட்ட அட்டை. அதில் இதுவரை ஓர் ஓட்டைகூட விழுந்ததில்லை.

முதல் துப்பாக்கி வாங்க ஜெபராஜ் வந்தார். கடைக்காரர் சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"புதுசா விளையாடறவங்களுக்கு இதான் சார் சரி. அந்த அட்டையில சுட்டுப் பாருங்க."

ஜெபராஜ் கண்ணாடியைப் பார்த்தார். கையில் துப்பாக்கி இருப்பதே தெரியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, அலமாரி உச்சியில் இருந்த நீளத் துப்பாக்கியை இறக்கச் சொன்னார். தோளில் மாட்டி, பக்கவாட்டில் திரும்பி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். பிறகு பில் போடச் சொன்னார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றது கைத்துப்பாக்கி.

"என்கிட்ட அவர் துப்பாக்கியைப் பத்திக் கேக்கவே இல்லையே" என்றது கண்ணாடி.

நீளத் துப்பாக்கிக்குத் தலைகால் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் மைதானத்துல இருப்பேன். நீங்க இங்கயே கிடங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

அடுத்த மாதம் ஜெபராஜ் மறுபடி வந்தார். "துப்பாக்கியில ஒரு குறையும் இல்ல. வீட்டுக் கண்ணாடியிலதான் பாதி தெரியுது" என்றார். கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த ஆளுயரக் கண்ணாடியை வாங்கிப் போனார்.

படுக்கையறையில் மாட்டியதும், கட்டிலில் கிடந்த துப்பாக்கியிடம் கண்ணாடி கேட்டது: "மைதானம் எப்படி?"

"அதை இப்பதான் சுவத்துல மாட்டியிருக்காரு" என்றது துப்பாக்கி.