பேஸைக் கொறைங்க

காலையில் எழுந்து, குளித்து, காப்பி போட்டுக் குடித்துவிட்டு, பாலகுமார் கடலூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனான். கார் கதவுகளில் புது ஸ்பீக்கர் பொருத்த வேண்டும். கடலூரிலேயே ஒருமுறை மாற்றியிருந்தான், திருப்தியில்லை.

கடைக்காரர் ஞானராஜ் கதவின் உள்பலகையைக் கழற்றினார். பாலகுமார் உட்காரவில்லை, காரையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"இதுவே நல்ல ஸ்பீக்கர்தான சார்? எதுக்கு மாத்துறீங்க?"

"பேச்சு தெளிவா கேக்கல. எங்க வீட்ல அனுப்புன வாய்ஸ் மெசேஜ். அன்னிக்கி காலையில சண்ட போட்டுட்டு, பஸ்ஸுல போறப்ப பேசுனது. 'நீ வேணாம்'னு சொல்றாமாரி இருக்கு. அதானான்னு தெரியணும்."

ஞானராஜ் சிரித்துவிட்டார். "வீட்ல வாங்குற திட்டு பத்தாதுன்னு கதவுல வேற வெச்சிக் கேக்கப்போறீங்களா?"

பாலகுமாரும் சிரித்துவைத்தான்.

பொருத்தி முடித்ததும் போனை இணைத்தான். பஸ் இரைச்சலில் கதவே அதிர்ந்தது.

"பேஸைக் கொறைங்க."

"எல்லாரும் ஏத்தச் சொல்லுவாங்க, நீங்க எறக்கச் சொல்றீங்க! இதுக்கு அவுங்களுக்கே ஒரு போனப் போட்டுக் கேட்டுடலாமே சார்?"

"அந்த பஸ் சிதம்பரம் வந்து சேரல."

ஞானராஜின் கை அப்படியே நின்றது. பிறகு பேஸை முழுக்க இறக்கிவிட்டு, குரலை மட்டும் ஏற்றினார். இரைச்சல் அடங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்து பேசுவதுபோல மனைவி கனிமொழியின் குரல் கேட்டது:

"இன்னிக்கி அமாவாச மாமா, மீன் வேணாம். நான் வந்து சாம்பார் வெக்கிறேன்."