பச்சை டிக்

ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதிய டெஸ்ட்களில் ஒன்று மட்டும் பகாசுரன். நோயாளியின் முழு உடல் ஸ்கேனையும் ஒரே மூச்சில் ஏற்றி, ஒரு படம்கூட விடுபடவில்லையே என்று பார்க்கும். மெஷினின் மெமரி மொத்தத்தையும் அதுவே விழுங்கிவிடுவதால் கூட ஓடும் மற்ற டெஸ்ட்கள் எல்லாம் பாதியில் செத்துவிழும். அதனால், மெமரி போதாவிட்டால் இதை ஓட்டாமல் தாண்டிப் போகும்படி யாரோ ஒரு வரி எழுதிவைத்திருந்தார்கள். தாண்டினாலும், தேறிவிட்டதாகத் திரையில் பச்சை டிக்தான் விழும். இன்றைக்குத்தான் பெரிய மெஷின் வந்தது. டெஸ்ட் நிஜமாகவே ஓடத் தொடங்கியதும், அதை ஓட்டிய டெஸ்டர் ஜெசிந்தா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். டீம் லீட் வேல்ராஜ் இனிப்பு டப்பாவோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். "எடுத்துக்கோம்மா. எங்கப்பாவுக்கு ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. நம்ம சாஃப்ட்வேர்லதான் பார்த்தாங்களாம்." அவள் எடுக்கவில்லை. திரையில் மெமரி அளவைக் காட்டும் கோடு ஏறி, உச்சியில் போய் நின்றது. டெஸ்ட் சிவப்பானது. ஒன்பது படங்களைக் காணவில்லை. அவற்றை விட்டுவிட்டதாகச் சாஃப்ட்வேர் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"இது எப்பவும் பச்சைதானேம்மா?"

"பச்சைதான் சார். ஆனா ஒரு நாள்கூட ஓடினதில்லை."

வேல்ராஜ் குனிந்து திரையைப் படித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பின்னாலிருந்து யாரோ, "சார், எனக்கு இன்னொண்ணு," என்று கையை நீட்ட, அவர் சட்டென்று டப்பாவை மூடினார். மூடியை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.