தானாக முளைக்காத செடி

மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. பற்றி இழுத்தால் நூல் நூலாக வந்தது.

அவள் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

மகனின் கல்லறை மேல் அவள் எந்தப் பூண்டையும் விட்டுவைப்பதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவாள். கோரை, நெருஞ்சி, மூக்கிரட்டை எல்லாம் அவளுக்குப் பெயர் தெரிந்த களைகள்.

இது என்னவென்று தெரியவில்லை.

சுண்டுவிரல் நகம் அளவுக்கு இலை. மேலே பச்சை. திருப்பினால் ஊதா.

சுவருக்கு அப்பால் எறிந்தாள். கையை உதறிவிட்டு வள்ளியூர் பஸ்ஸைப் பிடித்தாள். அங்கே ஒரு விடுதியில் தங்கிச் சமையல் வேலை. ஞாயிறு மட்டும்தான் விடுமுறை.

அடுத்த வாரம் வந்தபோது அந்தச் செடி மறுபடியும் இருந்தது.

தலைமாட்டில், சிலுவைக்குக் கீழே. கொஞ்சம்தான். ஆனால் அதைச் சுற்றி மட்டும் மண் ஈரமாக இருந்தது.

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

ஒரு கொடியைக் கிள்ளிக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரி வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது டர்ட்டில் வைன்லா. தரையில படர விடுற கொடி."

"காட்டுச்செடி இல்லையா?"

"இல்லக்கா. தானா முளைக்காது. யாராவது கிள்ளி ஊனித் தண்ணி ஊத்தினாத்தான் உண்டு. மண்ணு காஞ்சா போயிரும்."

யாராவது.

செல்வினுக்கு அவளைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தகப்பன் போய்விட்டார். சொந்தக்காரர்கள் முதல் வருட நினைவு ஆராதனையோடு நின்றுவிட்டார்கள். அவன் பெயரை அவளிடம் சொல்லக்கூட இப்போது ஆள் கிடையாது.

திரும்பி வந்து கல்லறைத் தோட்டக் காவலாளி தாசையாவிடம் கேட்டாள்.

"ஒரு தம்பி வருதும்மா. சாயங்காலம் வந்து தண்ணி ஊத்திட்டுப் போவும். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும். ஒங்க சொந்தம்னுல்லா நெனச்சேன்."

காலை இழுத்து நடக்கிறவன்.

ரூபன்.

செல்வினின் கூட்டாளி. விபத்து நடந்த அன்று பைக்கை ஓட்டியவன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் செல்வின்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், காலில் கட்டோடு படுத்தபடி, "அம்மா" என்று கையை நீட்டினான் ரூபன். "என் முகத்துல முழிக்காத" என்றாள் அவள். அதன் பிறகு அவன் அவள் முகத்தில் முழிக்கவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை. அவள் வராத நாளாகப் பார்த்து வந்துபோயிருக்கிறான்.

தாசையா சொன்ன அன்றைக்கே வேர் மிச்சமில்லாமல் பிடுங்கினாள். நகக்கண்ணில் மண் ஏறி ரத்தம் கசிந்தது. பிடுங்கியதை வெளியே எறியவில்லை. கல்லறை மேலேயே குவித்துவைத்தாள்.

வருகிறவன் பார்க்கட்டும்.

பார்த்திருக்கிறான். அடுத்த ஞாயிறு அந்தக் குவியல் இல்லை. புதிதாக எதுவும் ஊனியிருக்கவும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

மண் வெளுத்து வெடிக்கத் தொடங்கியது.

"அந்தத் தம்பி..." என்று தாசையாவிடம் இழுத்தாள்.

"இப்பல்லாம் காணலம்மா."

அவள் நினைத்தது நடந்துவிட்டது. கல்லறை முழுவதும் அவளுக்கே.

ஜெபம் பண்ண உட்கார்ந்தாள். செல்வின் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். சத்தமே வராது. வாயைப் பொத்திக்கொள்வான். தோள் மட்டும் குலுங்கும்.

அதைப் பார்த்த இன்னொரு ஆள் இந்த ஊரில் யார்?

நர்சரிக்குப் போய் அதே செடியில் ஒரு தொட்டி வாங்கிவந்தாள். துண்டு துண்டாகக் கிள்ளினாள். மண்ணைக் கொத்தி, படுக்கவைத்து, விரலால் அழுத்தினாள். மண் கரையாமல் உள்ளங்கையால் தண்ணீர் தெளித்தாள்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். பாதி கருகிக் கிடந்தது. மீதியும் சுருண்டிருந்தது. வெயில் அப்படி. வாரத்துக்கு ஒரு தண்ணீரில் எந்தச் செடி நிற்கும்?

தாசையாவிடம் சொன்னால் ஊற்றுவார். சொல்லத்தான் அவரைத் தேடிப் போனாள்.

சொல்லாமல் அவரைக் கடந்து வெளியே வந்தாள்.

மார்க்கெட் பக்கம் ரூபனின் செல்போன் ரிப்பேர் கடை. செல்வின் எந்நேரமும் கிடந்த இடம். சாப்பாட்டுக்குக் கூப்பிட அவள் எத்தனையோ முறை அந்தப் படியில் வந்து நின்றிருக்கிறாள்.

ரூபன் குனிந்து ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தான். மேசையில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான்.

உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னது அவளையே தைத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"செடி வச்சிருக்கேன்" என்றாள். "ஞாயித்துக்கெழமதான் என்னால வர முடியுது. மத்த நாள்ல காஞ்சு போவுதுடே."

அவன் எழுந்தான். காலை ஊன்றி நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேசைக்கு அடியில் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கி, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தான்.