கழித்துவிட்ட கம்ப்யூட்டர்

“இந்தப் பழைய கம்ப்யூட்டர்லயே மெமரியைக் கொஞ்சம் கூட்டி, கேமுக்குன்னு ஒரு கார்டு போட்டாப் போதும் சார். இன்னும் ரொம்ப நாளைக்கு ஓடும்” என்றான் கடை மெக்கானிக்.

“வேண்டாம். புதுசே போட்டுடு” என்றான் கணவன்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏங்க, விக்கிற தம்பியே வேணாம்னு சொல்ற பொருளை வம்படியா வாங்கற முதல் ஆள் நீங்கதான். இந்த வயசுல விளையாட்டு ஒரு கேடா?”

“பழசை மாமாவுக்குக் கொடுத்துடலாம்ல?”

போயும் போயும் அதைச் சொன்னானே!

அவளுடைய அப்பா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். மகள் வீட்டோடு வந்த பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம், மாப்பிள்ளை ஆபீஸ் போனதும் அந்தக் கம்ப்யூட்டரில் லாரி கேம் ஓட்டுவதுதான். அதிலும் இப்போது மண் விழுந்தது. ஒவ்வொரு வளைவிலும் திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். கிழடு தட்டியது கம்ப்யூட்டருக்கு என்று எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை.

“என் கைதாம்மா முன்ன மாதிரி இல்லை. இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று எழுந்து போனவர், அன்றிலிருந்து கட்டிலே கதியென்று கிடக்கிறார். அவரிடமே அந்த ஓட்டையைத் தள்ளிவிடப் பார்க்கிறான்!

“எங்கப்பான்னா அவ்வளவு இளக்காரம். உங்களுக்குப் பளபளன்னு புதுசு, அவருக்கு நீங்க கழிச்சுவிட்ட குப்பை!”

அவன் மெக்கானிக்கை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ குசுகுசுத்தான். பேரம் பேசுகிறானாக்கும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டும் வீட்டுக்கு வந்தன. கலர் கலராக விளக்கு மினுக்கிக்கொண்டு புதுசு ஹாலில் உட்கார்ந்தது. கீறல் விழுந்த பழைய கறுப்பு டப்பா அப்பாவின் அறைக்குப் போனது.

“இடத்தை அடைக்குதேன்னு நினைக்காதீங்க மாமா. தூக்கிப் போட மனசு வரலை.”

“தூக்கிப் போடறதா? நல்லா இருக்கே! இப்படி வைங்க மாப்பிள்ளை” என்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். அவளுக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அறையிலிருந்து ஒரே கூச்சல்.

“ஏம்மா, ஓடி வா! மலைப்பாதை முழுக்க ஒரு உரசல் இல்லாம இறக்கிட்டேன்! என் கைக்கு ஒண்ணும் ஆகலைம்மா!”

ஓடினாள். திரையில் லாரி வழுக்கிக்கொண்டு போனது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்த காலத்துத் தோரணையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹாலுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. முதல் வளைவிலேயே உறைந்து நின்ற புதுசின் முன்னால், கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான் கணவன்.

“சிரிப்பு வேறயா? நல்லா மொட்டை அடிச்சு அனுப்பியிருக்காங்க உங்களை!”

கடைக்கு போன் போட்டாள்.

“ஏய், வேணாம், வை!” என்று அவன் பாய்ந்து வந்தான். அவளா விடுவாள்?

“ஏன் தம்பி, புதுசுன்னு சொல்லி எந்த ஓட்டை உடைசலை எங்க தலையில கட்டினே?”

“ஐயோ, சார் சொல்லலையாக்கா? புது சாமானையெல்லாம் பழைய டப்பாவுக்குள்ள வெச்சு, பழசையெல்லாம் புது டப்பாவுல மாத்தித் தரச் சொன்னாரே! புதுசுன்னு தெரிஞ்சா உங்கப்பா வாங்கிக்கவே மாட்டாராமே!”