மூலை ரூமுக்கு மட்டும் வேண்டாம்

"எல்லா ரூமுக்கும் நெட் வரணும், தம்பி. மாடியில அந்த மூலை ரூமுக்கு மட்டும் வரக் கூடாது."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த நெட்காரர் பேனாவை நிறுத்தினார். பதினாறு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். நெட் வரவில்லை என்று எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். வரக் கூடாது என்று யாரும் கேட்டதில்லை.

"அது யார் ரூம்மா?"

"என் மருமக ரூம்" என்றாள் அந்த வீட்டு அம்மாள், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

நெட்காரர் வீட்டைச் சுற்றி ஏற்கெனவே எண்ணி முடித்திருந்தார். நாலு டிவி, ஆறு கேமரா, போனிலேயே போட்டு அணைக்கிற ஏசி மூன்று, வாஷிங் மெஷின், அப்புறம் ஆளாளுக்குப் போன், லேப்டாப் என்று மொத்தம் இருபத்தொன்று. அதில் ஒன்று மீன் தொட்டி விளக்கு.

சுவரோ ஒன்றரை அடி கனம். போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். உள்ளே வைஃபை இல்லாவிட்டால் போன் வெறும் டார்ச் லைட்தான்.

மாமனார் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்தார். "கடையில எட்டு கொம்பு வச்ச வைஃபை பெட்டி ஒண்ணு பார்த்தேன். பார்க்கவே பயமா இருந்தது. அதை ஹால்ல வச்சுட்டா போதாதா?"

"கொம்புல என்னங்கய்யா இருக்கு? ஹால்ல நின்னு எவ்வளவு கத்தினாலும் மூணு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமா? அதுக்குப் பதிலா சின்னச் சின்னப் பெட்டியா அங்கங்கே வச்சு, நடுவுல வயர் இழுத்துடலாம். ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு வாங்கிச் சொல்லும். உங்க வீட்டுக்கு அஞ்சு வேணும்."

"நாலு" என்றாள் மாமியார். "மூலை ரூம் வேண்டாம்னேன் இல்லையா?"

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தை, வந்திருக்கிறது நெட்காரரா? என் ரூமையும் பார்க்கச் சொல்லுங்க. நேத்து மீட்டிங் பாதியில நின்னுடுச்சு."

"எல்லாம் அவர் பார்த்துப்பார். நீ வெளியே வராதே!"

வெளியே கூட வரக் கூடாதாம். நெட்காரருக்குத் தன் தங்கை ஞாபகம் வந்தது. அவள் போனுக்குக் கூப்பிட்டால் எப்போதும் அவள் மாமியார்தான் எடுப்பாள்.

மீனுக்கு நெட் உண்டு, மருமகளுக்குக் கிடையாது. நல்ல வீடு.

மறுநாள் காலையில் வந்து வேலையை ஆரம்பித்தார். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக நாலையும் மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பின்னாலேயே மாமியார் தன் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். கடைசியாக மூலை ரூம் வாசலில் நின்று போனை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள்.

"ஒரு கோடுகூட இல்லை. அருமையா பண்ணியிருக்கீங்க, தம்பி! இருங்க, டீ கொண்டு வரேன்."

வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டை அவர் வாங்கியதில்லை.

மாமியார் கீழே இறங்கியதும் பையைத் திறந்தார். ஐந்தாவது பெட்டி உள்ளே இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணி எடுத்து வைத்தது. மூலை ரூமுக்கு எதிரே இருந்த அலமாரி மேல் அதை வைத்து, வயரைப் பின்னால் மறைத்து, சுவிட்சைப் போட்டார். தங்கைக்குச் செய்ய முடியாததை யாரோ ஒரு பெண்ணுக்காவது செய்த மாதிரி இருந்தது.

அரை நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளே 'டிங்' என்றது. அப்புறம் டிங், டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது.

கதவு திறந்தது. ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையால் மேடிட்ட கர்ப்ப வயிற்றைத் தாங்கிக்கொண்டு மருமகள் நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அத்தை, நெட் வந்துடுச்சு. மேனேஜர் ஒன்பது மெசேஜ் போட்டிருக்கார். உடனே மீட்டிங்ல வந்து உட்காரணுமாம்."

டீயோடு படியேறி வந்த மாமியார் டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள். லேப்டாப்பை வாங்கிக்கொண்டு, மருமகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து நெட்காரரைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்தார்.

"ஏழு மாசம், தம்பி. எழுந்து உட்காரவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார். லீவு எழுதிக் கொடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. அந்த மேனேஜர் விடுறதா இல்லை. இவளுக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வராது."

நெட்காரர் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

"வீட்ல நெட் வரலைன்னு சொல்லிடச் சொல்லலாமேம்மா?"

"சொல்லிப் பார்த்துட்டேன்" என்றாள் மாமியார், தரையிலிருந்த டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தபடி. "பொய் சொல்ல மாட்டேன்னுட்டா. அதான், அதை நிஜமாக்கிடலாம்னு உங்களைக் கூப்பிட்டேன்."